சார்தாமுக்கு நாள் குறிக்கும் முன்

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் கழிந்ததும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "ஐயா, ஆபீசில் 10 நாள்தான் லீவு. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் நாலையும் பார்த்துவிட முடியுமா?" முடியும் என்று சொல்ல ஏஜென்டுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 9 இரவு, 10 பகல் என்று நோட்டீசே அடித்து வைத்திருப்பார்கள். காகிதத்தில் அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் பல வருஷமாகப் போய்வருகிறவன் என்ற முறையில், நான் வைத்திருக்கும் கணக்கு வேறு. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. நாள் போதவில்லையென்றால் கோயிலைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நாலு தாமும் வேண்டுமென்றால் ஹரித்வாரில் வண்டி ஏறி ஹரித்வாரில் வந்து இறங்க 12 நாள். அதற்குமேல் எதுவும் எழுதாத 2 நாள். ஆக 14. கேதாரமும் பத்ரியும் மட்டும் என்றால் 8 நாளும் காலியாக ஒரு நாளும். அதற்கும் லீவு இல்லை என்றால் ஒரே ஒரு தாம் போங்கள். நிம்மதியாகப் போய், நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

"அவ்வளவு தூரம் போய் பாதியைப் பார்க்காமல் வருவதா?" என்று மனசு அடித்துக்கொள்ளும். திருக்கேதாரத்துக்குத் தேவாரப் பதிகம் தந்தவர்கள் சம்பந்தரும் சுந்தரரும். அவர்கள் இருவருமே காளத்தியில் இருந்தபடி, வடக்கே உள்ள தலங்களை நினைத்துப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். ஞானசம்பந்தரே நேரில் போகாமல் கும்பிட்ட இடம் அது. இந்த வருஷம் இரண்டு, இன்னொரு வருஷம் இரண்டு என்று நாம் போவதில் ஒரு குறையும் வந்துவிடாது.

2. தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணியில் கேளுங்கள்.

உத்தரகாசியிலிருந்து குப்தகாசி சுமார் 200 கிலோமீட்டர். நம் ஊர் நாற்கர சாலையில் மூன்றரை மணி நேரம். அங்கே காலை 6 மணிக்குக் கிளம்பினால், வழியில் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்துச் சாயங்காலம் நாலைந்து மணி ஆகிவிடும். பத்ரிநாத்திலிருந்து ரிஷிகேஷ் சுமார் 300 கிலோமீட்டர். ஒரே நாளில் வருகிறவர்கள் உண்டு, வயதானவர்களை வைத்துக்கொண்டு அப்படி வராதீர்கள். நடுவில் பீபல்கோட்டியிலோ ருத்ரபிரயாகையிலோ ஒரு ராத்திரி படுத்து எழுந்து வரலாம்.

இரவில் மலைப் பாதையில் யாத்திரை வண்டிகளை ஓட விடுவதில்லை. ஆகவே, பகலில் இழந்த 3 மணி நேரத்தை ராத்திரி ஓட்டிச் சரிக்கட்டலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. பகலில் தவறியது மறுநாள் கணக்கில்தான் போய் விழும். ஓட்டுநர் "இன்றைக்கு இதோடு போதும்" என்றால் வாதாடாதீர்கள். அந்தப் பாதையில் அவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது.

3. ஒவ்வொரு நாளும் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள்.

நான் நோட்டில் போட்டுக்கொள்வது இப்படி. முதல் நாள் ஹரித்வாரிலிருந்து பட்கோட். இரண்டாம் நாள் விடியும் முன் கிளம்பி ஜான்கி சட்டி, அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி யமுனோத்ரி, திரும்பி பட்கோட். இந்தப் பாதையைச் சின்னது என்று நினைக்காதீர்கள். அகலம் குறைவு, அதில்தான் குதிரையும் டோலியும் நடப்பவரும் மேலேயும் கீழேயும் போகவேண்டும். ஒரு குதிரை மிரண்டு நின்றால் பின்னால் அரை மணி நேரம் எல்லாரும் பாறையோடு ஒட்டி நிற்கவேண்டியதுதான். மேலே சூரிய குண்டத்தில் அரிசியைத் துணியில் முடிந்து கொதிக்கும் ஊற்றில் இறக்கி, வெந்த சோற்றைப் பிரசாதமாக எடுத்துக்கொள்ளும்போது நம் பெண்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்கும் நேரம் வேண்டாமா?

மூன்றாம் நாள் உத்தரகாசி. இது குறைந்த தூரம்தான். அதனால் பேக்கேஜ்காரர்கள் முதலில் வெட்டுவது இந்த நாளைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள். முந்தின நாள் ஏறி இறங்கிய முழங்கால் அன்றைக்குத்தான் வலிக்கும். மத்தியானம் போய்ச் சேர்ந்து, துணி அலசிப் போட்டு, சாயங்காலம் விஸ்வநாதர் கோயிலில் உட்கார்ந்துவிட்டு வந்து படுங்கள். நாலாம் நாள் கங்கோத்ரி. அங்கேயே தங்கல். ஐந்தாம் நாள் திரும்ப உத்தரகாசி. ஆறாம் நாள் முழுக்க வண்டி, குப்தகாசி. ஏழாம் நாள் கேதாரம் ஏறுவது, எட்டாம் நாள் இறங்குவது. ஒன்பதாம் நாள் சோப்தா வழியாக ஜோஷிமட் பக்கம். பத்தாம் நாள் பத்ரி, அங்கே இரண்டு ராத்திரி. பன்னிரண்டாம் நாள் காலை கிளம்பிவிட்டால் ருத்ரபிரயாகை வரைதான் வரமுடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹரித்வாருக்கு மறுநாள். அப்படிப் பார்த்தால் கையில் இருக்கும் இரண்டு காலி நாளில் ஒன்று பெரும்பாலும் இதற்கே போய்விடும்.

கோமுக் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கங்கோத்ரியிலிருந்து ஒருவழி 18 கிலோமீட்டர் நடை, அனுமதிச் சீட்டு வேண்டும், போஜ்வாசாவில் தங்கவேண்டும். அதை இந்த 14 நாளுக்குள் நுழைக்காதீர்கள்.

4. உயரத்துக்கு உடம்பு பழக நாள் கொடுங்கள்.

"ஊட்டிக்குப் போனோமே, ஒன்றும் செய்யவில்லையே" என்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர். கேதாரம் 3,583. கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, படுத்துத் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாம் என்ன செய்கிறோம்? குப்தகாசியில் 1,300 மீட்டரில் படுத்து எழுந்து, மறுநாள் ராத்திரி கேதாரத்தில் போய்ப் படுக்கிறோம். ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல்.

பெரியவர்கள் வகுத்த வரிசை இங்கேதான் துணைக்கு வருகிறது. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார், பத்ரி என்று மேற்கிலிருந்து கிழக்கே வலமாகப் போவது மரபு. அந்த வரிசையில் போகிறவர் முதலில் யமுனோத்ரியில் 3,290 மீட்டர் உயரம் வரை ஏறிவிட்டுக் கீழே வந்து படுக்கிறார். பிறகு கங்கோத்ரியில் 3,000 மீட்டருக்கு மேல் ஒரு ராத்திரி தூங்குகிறார். கேதாரத்துக்கு வரும்போது அவர் உடம்பு பாதி பழகியிருக்கிறது. கங்கோத்ரியில் தங்காமல் போன அன்றே திரும்பும் திட்டங்களை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

கேதாரமும் பத்ரியும் மட்டும் போகிறவர்களுக்கு இந்த ஒத்திகை கிடைப்பதில்லை. அவர்கள் ஏறுவதற்கு முந்தின ராத்திரி குப்தகாசியில் தங்காமல் கௌரிகுண்டத்துக்கே போய்விடுவது நல்லது. அது 1,980 மீட்டர். சோன்பிரயாகைக்கு மேல் சொந்த வண்டி போகாது, ஷேர் ஜீப்பில் 5 கிலோமீட்டர் போகவேண்டும். அந்த ஜீப்புக்கான வரிசையே சீசனில் இரண்டு மணி நேரம் தின்றுவிடும். முந்தின நாளே அதைக் கடந்துவிட்டால், காலை 5 மணிக்குக் கால் வைத்து நிதானமாக ஏறலாம்.

நடை 16 கிலோமீட்டர். 2013 ஜூன் வெள்ளத்துக்கு முன் 14 ஆக இருந்தது. ராம்பாடா என்ற ஊரே அந்த வெள்ளத்தோடு போனது. இப்போது பாதை அங்கே மந்தாகினியைக் கடந்து எதிர்க்கரையில் லிஞ்சோலி வழியாக ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் ஆளைச் சோதிக்கும். வாலிபர்களுக்கு ஆறேழு மணி நேரம், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் பாவிய பாதையில் குதிரைச் சாணமும் மழைத் தண்ணீரும் கலந்து வழுக்கும், தடியில்லாமல் ஏறாதீர்கள்.

மேலே போனபின் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அதற்குமேல் ஏறவேண்டாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்குள்ள மருத்துவ முகாமில் காட்டி உடனே கீழே இறக்குங்கள். இறங்குவதுதான் மருந்து. உயரத்தால் வரும் இந்தத் தொல்லைக்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து சீட்காரர் கொடுத்தார் என்று போடாதீர்கள்.

5. கேதாரத்தில் ஒரு ராத்திரி தங்கியே ஆகவேண்டும்.

போன அன்றே திரும்புகிறவர்கள் வரிசையில் நின்று, ஒரு நிமிஷம் பார்த்து, இருட்டுக்குள் இறங்குகிறார்கள். தங்கினால் சாயங்காலம் அலங்கார தரிசனம் கிடைக்கும். விடியற்காலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் கிடைக்கும் நிர்வாண தரிசனம் அதைவிடப் பெரிது: எந்த அலங்காரமும் இல்லாமல் முக்கோணப் பாறையாக ஈசன் இருப்பார். கோயிலுக்குப் பின்னால் பீமசிலையைச் சுற்றிவந்து நின்றால், அந்தப் பாறை வந்து நின்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்துக் கோயிலைக் காத்தது எப்படி என்று கண்ணாலேயே விளங்கும். எத்தனையோ பேரை நான் அந்த இடத்தில் கண் கலங்கி நிற்கப் பார்த்திருக்கிறேன். அவசரமாகப் போனவர்களுக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது.

6. காலி நாளைக் கடைசியில் மட்டும் வைக்காதீர்கள்.

கல்யாணச் சமையல்காரர் பத்திரிகை கொடுத்த தலைக்கு மட்டும் அரிசி களைவதில்லை. காலி நாளும் அந்த மாதிரிதான், வேண்டாமல் போனால் நஷ்டமில்லை. ஒரு நாள் கேதாரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மழை பெய்தால் அன்று பாதையை நிறுத்திவிடுவார்கள், குப்தகாசியிலேயே இருந்து மறுநாள் ஏறலாம். ஒன்றும் நடக்காவிட்டால் இறங்கிய மறுநாள் திரியுகிநாராயண் போய்வாருங்கள். பார்வதி கல்யாணம் நடந்த தலம், சோன்பிரயாகையிலிருந்து 12 கிலோமீட்டர். இன்னொரு நாள் திரும்பும் வழியில்.

ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட் என்று ஓர் இடம். பழைய மண்சரிவு இடம். ஒருமுறை அங்கே மத்தியானத்திலிருந்து வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஜேசிபி மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது, மேலிருந்து பொலபொலவென்று மறுபடி விழுகிறது. எங்கள் பக்கத்து வண்டியில் மதுரைப் பக்கத்துத் தம்பதி. மறுநாள் டெல்லியில் அவர்களுக்கு விமானம். அந்த அம்மா பத்து நாளாகக் கண்ட தெய்வத்தையெல்லாம் மறந்து, சிக்னல் கிடைக்கிற பாறையாகத் தேடித் தேடி நின்று, மகனுக்குப் போன் போட்டு டிக்கெட்டை மாற்றச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். எங்கள் கோஷ்டியில் அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிண்டி அவர்களுக்கும் கொடுத்தோம். எங்களுக்கும் அதே சரிவுதான். எங்கள் நோட்டில் ஒரு நாள் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

7. மாதம் மாறினால் நாளும் மாறும்.

யமுனோத்ரி, கங்கோத்ரி நடை அட்சய திருதியையில் திறக்கும். கேதாரத்தின் நாளை மகா சிவராத்திரியன்று உகிமடத்திலும், பத்ரியின் நாளை வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையிலும் அறிவிப்பார்கள். தீபாவளியை ஒட்டி கங்கோத்ரி, யமுனோத்ரி, கேதாரம் சாத்திவிடும், பத்ரி நவம்பரில்.

நம் பள்ளிக்கூட லீவு மே மாதத்தில்தான். ஊர் உலகமும் அப்போதுதான் போகிறது. 2024 மே மாதம் நடை திறந்த முதல் நாள்களில் யமுனோத்ரிப் பாதையில் மக்கள் நகர முடியாமல் நின்றார்கள்; ஹரித்வார், ரிஷிகேஷில் நேரடிப் பதிவையே நிறுத்தவேண்டி வந்தது. மே மாதம் போவதென்றால் என் 14 நாளோடு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் போகவே வேண்டாம். 2024 ஜூலை கடைசியில் கேதாரப் பாதை மழையில் அறுந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்கவேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி வழியில் தராலி கிராமத்தை வெள்ளம் அடித்துப் போட்டது. மழைக்காலத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கினாலும் அது கணக்கு ஆகாது.

புரட்டாசி பிறந்தபின் போங்கள். மழை விட்டிருக்கும், மலை கழுவிவிட்ட மாதிரி தெரியும், கூட்டமும் பாதி. குளிர் கூடுதல்; சீக்கிரம் இருட்டும். நல்ல ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பத்ரியில் இரண்டு ராத்திரி.

வண்டி கோயில் வாசல் பக்கம் வரை போவதால் பத்ரியை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய வதரி அது. தப்த குண்டத்தில் குளித்து தரிசனம் செய்யவே ஒரு காலை வேண்டும். பிரம்மகபாலத்தில் பெற்றவர்களுக்குப் பிண்டம் போடுவதென்றால் இன்னொரு காலை. அதை "சீக்கிரம் முடியுங்கள் சாமி, வண்டி நிற்கிறது" என்று சொல்லிச் செய்யலாமா? தாய் தகப்பனுக்குச் செய்வது. 3 கிலோமீட்டரில் மாணா கிராமம், பீம்புல் பாலம், சரஸ்வதி நதி என்று அதற்கும் ஒரு மத்தியானம் ஆகும்.

வரும் வழியில் ஜோஷிமட், வைணவர்களுக்குத் திருப்பிரிதி. தேவபிரயாகை, கண்டமென்னும் கடிநகர். இரண்டும் திவ்ய தேசம். ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். இல்லையென்றால் தேவபிரயாகையை வளைவில் நின்று போட்டோ எடுத்துவிட்டு வருவதோடு சரி. கோயிலுக்குப் பாலம் கடந்து படியேறிப் போகவேண்டும், ஒன்றரை மணி நேரம்.

9. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை வைத்து நாள் போடுங்கள்.

உத்தராகண்ட் சுகாதாரத் துறையே குறைந்தது 7 நாளுக்காவது திட்டமிடச் சொல்கிறது. சர்க்கரை, பிரஷர், நெஞ்சு வலி உள்ளவர்கள் முழுப் பரிசோதனை செய்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் நடங்கள். அம்மா அப்பாவைக் குதிரையில் ஏற்றினால் நேரம் மிச்சம் என்று நினைக்கவேண்டாம். ஐந்து மணி நேரம் குதிரை மேல் இருந்த இடுப்பு மறுநாள் வண்டியில் உட்காராது. டோலி மேல், செலவு கூட.

பெண்கள் மாதவிலக்கு நாளைப் பற்றி முன்கூட்டியே வீட்டில் வெளிப்படையாகப் பேசித் தேதி குறியுங்கள். தள்ளிப்போட மாத்திரை என்றால் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

10. ஹெலிகாப்டர் நாளை மிச்சப்படுத்தாது.

நடக்க முடியாதவர்களுக்கு அது வரம், மறுக்கவில்லை. ஆனால் மேகம் இறங்கினால் பறக்காது. காலையில் போகவேண்டியது மத்தியானம் ஆகும், சில சமயம் மறுநாள்கூட ஆகும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அவ்வளவு உயரம் போய் இறங்குவதால் மயக்கமும் தலைவலியும் அவர்களுக்குத்தான் சீக்கிரம் வரும். இறங்கியதும் வேகமாக நடக்கவிடாதீர்கள்.

11. பதிவு கட்டாயம்.

அரசாங்கப் பதிவில் ஒவ்வொரு தாமுக்கும் தேதி கொடுக்கவேண்டும். காலி நாளைச் சேர்த்தே தேதி போடுங்கள். அச்செடுத்த தாளை ஆளுக்கொன்று கையில் வைத்திருங்கள். மலையில் போனில் சார்ஜும் சிக்னலும் உங்கள் பேச்சைக் கேட்காது.

12. ஊரிலிருந்து போய்வரும் நாளைத் தனியாக எழுதுங்கள்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி, அங்கிருந்து ஹரித்வாருக்குப் பாதி நாள். திரும்பவும் அதே. ஆக ரயிலில் போகிறவர்களுக்கு மொத்தம் 20 நாள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் டேராடூன் போனால் 16. அந்த 16இல் மலைக்குரிய 14 நாளில் கை வைக்காதீர்கள். ஹரித்வார் வந்து சேரும் நாளன்றே மலை ஏறுவதும், மலை இறங்கும் நாளன்றே விமானம் ஏறுவதும் வேண்டாம்.

13. கங்கோத்ரித் தீர்த்தம்.

ராமேஸ்வரம் ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய எடுத்து வருகிறவர்கள் செம்புப் பாத்திரத்தில் எடுத்து, அங்கேயே வாயை ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் விடுவார்கள் என்று நம்பாதீர்கள். துணி சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். வந்த கையோடு ராமேஸ்வரத்துக்கும் டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள் சிலர். ஒரு வாரம் வீட்டில் கிடந்து, கால் வீக்கம் வற்றியபின் போங்கள். பூஜை அறையில் அந்தச் செம்பு இருக்கட்டும், கங்கை கெட்டுப்போகாது.